ஹில்வியூவிலிருந்து ஸ்பூனர் சாலை வரை: பழைய ரயில் பாதையில் ஒரு நாள் நடப்பது எப்படி

சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்ஸையும் தெற்கே தஞ்சோங் பகாரையும் இணைத்து ஓடிக்கொண்டிருந்த மலாயா ரயில், 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி இரவோடு நின்றுபோயிற்று. கடைசி வண்டியை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். அதன்பின் தண்டவாளங்களில் பெரும்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டு மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவை கிடந்த இடத்தில், ஊரின் நடுவே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்துக்கு மரங்கள் அடர்ந்த ஒரு பாதை எஞ்சியது. ரயில் காரிடார் என்று இன்று எல்லோரும் அழைக்கும் அந்தப் பாதையின் மத்தியப் பகுதியிலும் தெற்குப் பகுதியிலும், ஹில்வியூவில் தொடங்கி ஸ்பூனர் சாலையில் முடியும் சுமார் 14 கிலோமீட்டரை, ஒரே நாளில் நின்று நிதானித்து நடந்து பார்க்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். காலையில் அரை மணி நேரம் ஓடிவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

இந்தப் பாதையைக் காடு என்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள் பாதி வழியிலேயே சலிப்படைவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே நேர்க்கோடு, இருபுறமும் பச்சை, திருப்பங்கள் குறைவு. ரயில் ஓடிய தடம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு நடப்பவருக்கோ நூறு அடிக்கு ஒரு செய்தி கிடைக்கும். ரயில் செங்குத்தான ஏற்றத்தில் ஏறாது. ஆகவே குறுக்கே மேடு வந்தால் அதை வெட்டி இறக்கியிருப்பார்கள். பள்ளம் வந்தால் மண்ணைக் கொட்டி உயர்த்தியிருப்பார்கள். உங்கள் இருபுறமும் மண்சுவர் எழும்பி, காற்று நின்று, ஈரமும் பெரணியும் சூழ்ந்தால் நீங்கள் வெட்டிய இடத்தில் நிற்கிறீர்கள். இருபுறமும் தரை சரிந்து மரங்களின் நடுக்கிளைகள் கண்ணுக்கு நேராக வந்தால் கொட்டிய கரைமேல் நிற்கிறீர்கள். பறவைகளைப் பார்க்க இரண்டாவது வகை இடங்களே ஏற்றவை. கீழே நின்று கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய கிளைகள் அங்கே தோள் உயரத்தில் இருக்கும்.

தொடங்கும் இடத்தையும் திசையையும் முதலில் முடிவு செய்யுங்கள். வடக்கிலிருந்து தெற்கே நடக்கும்படி நான் சொல்வதற்குக் காரணம் வெயில். ஹில்வியூவுக்கும் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட 4 கிலோமீட்டரின் பெரும்பகுதியில், பாதையின் கிழக்கே புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி இருக்கிறது. அதன் உச்சிதான் இத்தீவின் மிக உயரமான இடம். 163 மீட்டருக்குச் சற்றே கூடுதல். மலை என்று சொல்லக் கூசும் உயரந்தான் என்றாலும், காலை நேரத்துக் கிழக்கு வெயிலைத் தடுத்து நிறுத்த அந்த மேடும் அதன் மரங்களும் போதும். எனவே காலை 7 மணி வாக்கில் ஹில்வியூ எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் இறங்கி நடப்பவருக்கு முதல் ஒன்றரை மணி நேரம் பெரும்பாலும் நிழலிலேயே கழியும். தெற்கிலிருந்து கிளம்புகிறவர் இதே இடத்துக்கு நண்பகல் தாண்டி வந்து, மேற்கு வெயிலை முழுமையாக வாங்கிக்கொள்வார். இங்கு ஆண்டு முழுவதும் சூரியன் 7 மணியை ஒட்டியே உதிப்பதால், அதற்கு முன்னால் கிளம்புவதிலும் பயனில்லை. பாதையின் பெரும்பகுதியில் விளக்குகள் கிடையாது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிடும்போது உடற்பயிற்சி நடையின் வேகத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. நின்று பார்ப்பதும், ஓரத்தில் உட்கார்வதும், வழிமாறிப் போய்த் திரும்புவதும் சேர்ந்ததே இந்த நடை. மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போனால் எதையோ பார்க்காமல் கடந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 14 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். ஆக நண்பகல் ஒன்றரை மணிக்குள் முடித்துவிடலாம். இந்த ஒன்றரை மணிக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. சிங்கப்பூரில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வலுக்கும். ஆனால், குறிப்பாக ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், விடியற்காலையிலேயே மேற்கிலிருந்து சுமத்ரா காற்று சீறிக்கொண்டு வந்து ஒன்றிரண்டு மணி நேரம் ஊரைப் புரட்டிப் போடுவதுண்டு. அப்படியொரு நாளில் வீட்டிலேயே காத்திருந்து, மழை விட்ட பிறகு கிளம்புவதே நல்லது.

மழைக்கு அஞ்சுவது நனைந்துவிடுவோம் என்பதற்காக அன்று. இந்தப் பாதையின் ஓரங்களில் வானளாவ நிற்கும், குடை விரித்தாற்போன்ற உச்சியும் வெளிறிய பட்டையும் கொண்ட மரங்களில் பல அல்பிசியா வகையைச் சேர்ந்தவை. கைவிடப்பட்ட நிலத்தை முதலில் பிடித்துக்கொண்டு மளமளவென்று வளரும் மரம் அது. அந்த வேகத்தின் விலையாக அதன் கட்டை வலுவற்றது, பலத்த காற்றில் பெருங்கிளைகளை முறித்துப் போடும். காற்று திரும்புவதை உணர்ந்தாலோ, இடி காதில் விழுந்தாலோ, ‘இந்த மரத்தடியில் சற்று ஒதுங்கி நிற்போம்’ என்ற நம் ஊர்ப் பழக்கத்தைக் கைவிட்டு, அடுத்த வெளியேறும் வழியைப் பிடித்துக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

ஆகவே, எங்கெல்லாம் வெளியேறலாம் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வரைபடம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஈரக் கையோடு மழையில் நின்று திரையைத் தடவிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். முதல் 4 கிலோமீட்டரில் கவலையே வேண்டாம். அப்பர் புக்கிட் தீமா சாலை மேற்கே அருகிலேயே ஓடுகிறது, பியூட்டி வோர்ல்ட், கிங் ஆல்பர்ட் பார்க் ஆகிய எம்ஆர்டி நிலையங்களுக்கு நடந்தே போய்விடலாம். அதற்கு அடுத்ததாக, பழைய புக்கிட் தீமா நிலையத்திலிருந்து கிம் மோ, புவன விஸ்தா வட்டாரம் வரையிலான நான்கைந்து கிலோமீட்டர்தான் பாதையிலேயே மிக அடர்த்தியான, மிகத் தனிமையான பகுதி. மேற்கே கிளமெண்டி காடு. கடை இல்லை, குழாய் இல்லை, வெளியேறும் வழிகளும் குறைவு. புவன விஸ்தாவுக்குப் பிறகு ஊர் மீண்டும் நெருங்கி வந்துவிடும்.

அந்தத் தனிமையான பகுதியில்தான் என் முதல் நடை கெட்டது. பத்து மணிக்குக் கிளம்பியிருந்தேன். அரை லிட்டர் புட்டி ஒன்று போதும் என்று நினைத்தேன். பழைய நிலையத்தைத் தாண்டி அரை மணி நேரத்துக்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. திரும்பி நடப்பதா, முன்னே போவதா என்று தீர்மானிக்க முடியாமல் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் கழிந்தது. அந்தத் தடுமாற்றமே உடம்பு சூடேறிவிட்டதற்கு அடையாளம் என்பது பிறகுதான் புரிந்தது. முன்னேதான் போனேன், தலைவலியோடு. அன்றிலிருந்து ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் எடுத்துச் செல்கிறேன். பழைய நிலையத்தைக் கடக்கும்போது அதில் பாதிக்கு மேல் மீதம் இல்லையென்றால், வாங்கி நிரப்பாமல் மேலே நடப்பதில்லை. வியர்வை கொட்டும் நடைக்கு வெறும் தண்ணீரும் போதாது. உப்பு போட்ட மோரை ஒரு புட்டியில் ஊற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல பழக்கம். பேச்சுக் குழறினாலோ, வியர்ப்பது நின்றாலோ, நடையில் தள்ளாட்டம் தெரிந்தாலோ நடையை அத்தோடு நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து, ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைக்க வேண்டும்.

பையில் வேறு என்ன வேண்டும் என்பதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை: கொசு மருந்து, தொப்பி, ஒரு ஜோடி மாற்றுக் காலுறை, மடக்குக் குடை, சிறிய இருகண் நோக்கி. காலணி பழகியதாக இருக்கட்டும்; மழைக்குப் பிறகு சில இடங்களில் பாதை சேறாகிவிடும் என்பதால் அடிப்பாகம் வழுக்காமல் இருந்தால் போதும், மலையேறும் பூட்ஸ் தேவையில்லை. நொறுக்குத்தீனியைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. புக்கிட் தீமாவை ஒட்டிய பகுதியில் நீள்வால் குரங்குகள் உண்டு. அவற்றுக்கு நம்மிடம் சாப்பாடு இருப்பதை அறிவிப்பது மணம் அன்று, பிளாஸ்டிக் பையின் சரசரப்பு. உணவை மூடிய முதுகுப்பைக்குள் வையுங்கள், கையில் பை எதுவும் தொங்க வேண்டாம். எதிரே வந்துவிட்டால் கண்ணோடு கண் பார்க்காமல், ஓடாமல், மெல்ல விலகிப் போங்கள். வனவிலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்; ஆனால் ஒரு வாழைப்பழத்துக்குப் பழகிய குரங்கு அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, வழியில் எதையெதை நின்று பார்ப்பது. ஹில்வியூவிலிருந்து இறங்கிய சற்று நேரத்திலேயே, அப்பர் புக்கிட் தீமா சாலையின் மேலே செல்லும் இரும்புப் பாலம் வரும். இதைப்போன்ற இன்னொன்று பழைய புக்கிட் தீமா நிலையத்தின் அருகே சாலைக்கு மேலே நிற்கிறது. தண்டவாளங்களைப் பெயர்த்தபோது பாலங்களின் மேலும் நிலையத்திலும் இருந்தவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள். அவற்றின் அருகே குனிந்து நின்று இரு தண்டவாளங்களுக்கும் இடையேயான அகலத்தைப் பாருங்கள். சரியாக ஒரு மீட்டர். விழுப்புரம் வழியாகத் தஞ்சாவூருக்கும், மதுரையிலிருந்து இராமேசுவரத்துக்கும் மீட்டர் கேஜ் வண்டியில் போய் வந்த தலைமுறைக்கு அந்த அகலம் சொல்லாமலே தெரியும். என் தந்தை முதன்முறை இதைப் பார்த்தபோது, பாலத்தின் மேல் ஒரு காலை ஒரு தண்டவாளத்திலும் மறு காலை மற்றதிலும் வைக்க முயன்று, ‘நம்ம ஊரு அளவுதான்’ என்றார்.

பழைய புக்கிட் தீமா நிலையத்துக்குக் குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 1932-இல், பாதையை நகருக்குள் கொண்டுசெல்லும் பழைய தடத்தைக் கைவிட்டுத் தஞ்சோங் பகாருக்குத் திருப்பிவிட்டபோது கட்டப்பட்ட, செங்கல்லால் ஆன மிகச் சிறிய நிலையம் இது. சீரமைக்கப்பட்டு 2022-ஆம் ஆண்டு ஜூலையில் மீண்டும் திறக்கப்பட்டது. இங்கே கழிவறை உண்டு, பழைய ஊழியர் குடியிருப்பில் ஒரு சிற்றுண்டிக் கடையும் உண்டு. ஆனால் இந்த நிலையத்தின் முக்கியத்துவம் பயணிகளால் வந்ததன்று. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் மோதிக்கொள்ளாமல் இருக்க, அந்தத் துண்டுப் பாதைக்குள் நுழையும் ஓட்டுநரிடம் ஒரு டோக்கன் இருந்தாக வேண்டும். டோக்கன் ஒன்றுதான் வெளியே வரும் என்பதால் வண்டியும் ஒன்றுதான் உள்ளே போக முடியும். அந்த டோக்கனைப் பெரிய கம்பி வளையத்தில் கோத்த பையில் வைத்து, வேகம் குறைந்து நகரும் வண்டியை நோக்கி ஊழியர் நீட்ட, ஓட்டுநர் பழைய வளையத்தை வீசிவிட்டுப் புதியதைக் கையில் வாங்கிக்கொள்வார். 2011 வரையிலும் இங்கே இது கையாலேயே நடந்தது. நடைமேடையின் ஓரத்தில் நின்று, எஞ்சியிருக்கும் இரண்டு தடங்களும் ஒன்றாகச் சேர்ந்த திசையைப் பார்த்தால், வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காத்திருந்த இடம் இதுதான் என்பது விளங்கும். கைகாட்டிகளை இயக்கிய நெம்புகோல்களையும் தேடிப் பாருங்கள்.

நிலையத்துக்கு அப்பால், நான் சொன்ன அந்தத் தனிமையான பகுதியில், மரங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மா, தென்னை, ரம்புத்தான், டுரியான், வாழை ஆகியவற்றுள் இரண்டு மூன்று ஓரிடத்தில் சேர்ந்து நின்றால், அது காடாக இருந்த இடம் அன்று. யாரோ குடியிருந்து நட்டுத் தண்ணீர் ஊற்றிய இடமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கம்பங்கள் எனப்படும் பழைய கிராமங்கள் காலியாகி மனிதர்கள் அடுக்குமாடிகளுக்குப் போன பின்னும் மரங்கள் காய்த்துக்கொண்டிருக்கின்றன. ரப்பர் மரங்கள் தென்பட்டால் அடிமரத்தில் பால் எடுக்கக் கீறிய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பாதை ஓரத்துப் புல்லில் நம் தொட்டாற்சிணுங்கியும் உண்ணிச்செடியும் எங்கும் கிடைக்கும். குழந்தைகளை அழைத்துப்போனால் தொட்டாற்சிணுங்கி ஒன்றே கால் மணி நேரத்தை விழுங்கிவிடும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பறவைகளைக் கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுவது எளிது. குயில் கூவாத காலை இங்கே கிடையாது. வாலின் நுனியில் இரண்டு சிறு துடுப்புகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பறக்கும் துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலைப் போலிசெய்து ஏமாற்றும். ஒரே மரத்திலிருந்து நான்கு பறவைகளின் குரல் வந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஏறக்குறைய மறைந்தே போய், இப்போது மீண்டும் பெருகியிருக்கும் இருவாச்சியைப் பார்க்கும் பேறும் வாய்க்கலாம். தரையில் அசையாமல் கிடக்கும் மரத்துண்டு நாக்கை நீட்டினால் அது உடும்பு. வழியை விட்டுவிட்டால் அதுவே போய்விடும்.

கிளமெண்டி காட்டுக்குள் கிளைபிரிந்து செல்லும் ஒற்றையடித் தடங்கள் ஆவலைத் தூண்டும். புக்கிட் தீமாவிலிருந்து ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சரக்கு கொண்டுபோன பழைய கிளைப்பாதையின் தடம் அங்கே மண்ணுக்கடியிலும் வேர்களுக்கிடையிலும் கிடக்கிறது. எனினும் முதல் நடையில் உள்ளே போக வேண்டாம் என்பதே என் கருத்து. பராமரிக்கப்படாத தடம், சதுப்பு, வழிகாட்டிப் பலகை இல்லை, தனியாகப் போனால் காலை முறித்துக்கொண்டாலும் கேட்பாரில்லை. பிரதான பாதையில் இரண்டு மூன்று முறை நடந்து பழகியபின், வறண்ட நாளொன்றில், துணையோடு, எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம்.

புவன விஸ்தாவை நெருங்கும்போது பசி எடுத்திருக்கும். பாதையிலிருந்து விலகிக் கிம் மோ உணவங்காடிக்குப் போய்ச் சாப்பிடுங்கள். விலையும் குறைவு, உட்கார இடமும் கிடைக்கும். வயிறு நிரம்பச் சாப்பிட்டுவிட்டு உடனே நடக்க முடியாது என்பதால் நான் இங்கே ஒரு மணி நேரம் போக்குவேன். எழுந்திருக்கவே மனம் வராவிட்டால் தயக்கமின்றி இங்கேயே நடையை முடித்துக்கொள்ளுங்கள். எட்டு ஒன்பது கிலோமீட்டர் நடந்தாயிற்று, எம்ஆர்டி பக்கத்திலேயே இருக்கிறது, மீதியை இன்னொரு நாள் இதே இடத்திலிருந்து தொடரலாம்.

தொடர்கிறவர்களுக்குக் குவீன்ஸ்டவுன் பகுதியில் ஒரு நிறுத்தம் சொல்வேன். இந்த ரயிலில் வேலை பார்த்த தமிழர்கள் குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தின் ஓரத்தில் 1932-இல் முனியாண்டிக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார்கள். தொடக்கத்தில் தொழிலாளர்கள் மட்டும் கும்பிட்ட அந்தக் கோயில்தான் பின்னர் இடம் மாறி, வளர்ந்து, காமன்வெல்த் டிரைவில் இன்று ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமாக நிற்கிறது. பாதையிலிருந்து சிறிது தூரம் விலகி நடக்க வேண்டும். சேற்றுக் காலோடு போக நேரும் என்பதால் மாற்றுக் காலுறையும் ஒரு துண்டும் இங்கே பயன்படும். தண்டவாளத்தில் ஜல்லி கொட்டியவர்களுக்கும் ஸ்லீப்பர் கட்டை சுமந்தவர்களுக்கும் பாதை நெடுகிலும் வேறு நினைவுச் சின்னத்தை நான் கண்டதில்லை என்பதால், இந்த விலகலை மட்டும் நான் தவிர்ப்பதில்லை.

கடைசிப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரைவுச்சாலையின் இரைச்சல் கூடும், நிழல் குறையும், சைக்கிள்கள் பெருகும். இடப்பக்கமாகவே நடங்கள், காதில் பாட்டு மாட்டியிருந்தால் இந்தப் பகுதியில் கழற்றிவிடுங்கள். ஸ்பூனர் சாலையில் பாதை முடியும் இடத்தில் தெரியும் பழைய அடுக்குமாடிகள், ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டப்பட்டவை. 2011-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையம் அதற்கும் அப்பால் இருக்கிறது; அது திறந்திருக்கிறதா என்பதையும், பாதையில் எந்தப் பகுதியாவது பராமரிப்புக்காக மூடப்பட்டிருக்கிறதா என்பதையும் தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பில் முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்புவதற்கு ஊட்ரம் பார்க் எம்ஆர்டி நிலையம் வரை பேருந்திலோ நடந்தோ போகலாம். காலணியின் அடியில் ஒட்டியிருக்கும் சேற்றைப் புல்லில் தேய்த்துவிட்டுச் செல்லுங்கள். சட்டைக் காலரிலும் பையின் மடிப்புகளிலும் எறும்பு இருக்கிறதா என்று உதறிப் பாருங்கள். மீதமிருக்கும் தண்ணீரை நிலையத்துக்கு வெளியிலேயே குடித்து முடித்துவிடுங்கள். உள்ளே போனால், தொண்டை எவ்வளவு வறண்டிருந்தாலும், குடிக்க அனுமதி இல்லை.